சீன எழுத்தைப் பச்சை குத்த ஆள் தேடுவது எப்படி: 14 மாதம் அலைந்தவளின் குறிப்பு

என் இடது முன்கையில் ஓர் எழுத்து இருக்கிறது. மொத்தம் 7 கோடுகள். மேல் பாதி கத்தி முனை, கீழ்ப் பாதி இதயம். மாண்டரினில் 'ரென்' என்று படிக்க வேண்டும். பொறுமை, பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம். இந்த 7 கோட்டுக்கு ஆள் தேடி 14 மாதம் அலைந்தேன். குத்தி முடிக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. கையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "எந்தக் கடை?" என்றுதான் கேட்கிறார்கள். கடையைச் சொல்லி என்ன பயன்? உங்கள் ஊரில் அந்தக் கடை இருக்காது. எங்கள் ஊரிலேயே அடுத்த வருடம் இருக்குமா தெரியாது. அதனால் தேடிய முறையைச் சொல்கிறேன்.

நான் பினாங்குக்காரி. வீட்டுக்குப் பின்னால் சீனப்பள்ளி. நடந்தே போய்விடலாம் என்பதால் அம்மா என்னை அங்கே சேர்த்துவிட்டார். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர். வாரத்தில் ஒரு நாள் தூரிகை எழுத்து வகுப்பு. அன்று சாயங்காலம் வெள்ளைச் சட்டையில் மையோடு வீடு திரும்பி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆறு வருடம் இப்படிப் போனது. பெரிய கைத்திறன் எதுவும் வரவில்லை. ஆனால் நல்ல எழுத்துக்கும் சுமாரான எழுத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கண் இருந்தும் முதல் கடையில் ஏமாறத்தான் பார்த்தேன்.

அந்தக் கடைக்காரர் சீனர்தான். சீனராக இருந்தால் போதும் என்று நினைத்தது என் முதல் தப்பு. தமிழர் எல்லோருக்கும் கோலம் வருமா? அவர் கைப்பேசியில் எழுத்தைத் தட்டினார், 'தூரிகை பாணி' எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், பெரிதாக்கி அச்செடுத்தார். பத்து நிமிடத்தில் தோலில் ஒட்டி அச்சுப் பதிக்கும் தாள், அதாவது ஸ்டென்சில், தயார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நல்லவேளை அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது. வீட்டுக்குப் போய் அந்தத் தாளை மேசையில் வைத்து மூன்று நாள் பார்த்த பிறகுதான் புரிந்தது: எழுத்தில் உயிரே இல்லை. எல்லாக் கோட்டு முனையும் ஒரே மாதிரி கிழிந்திருந்தன. தூரிகை அப்படிக் கிழிக்காது.

இதைத் தமிழில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒருவர் ஆசை ஆசையாகத் திருக்குறளைத் தோளில் குத்திக்கொண்டு வருகிறார், அது கணினியின் லதா எழுத்துருவில் இருக்கிறது. தப்பில்லை, படிக்கலாம். ஆனால் வங்கிப் படிவத்தைத் தோளில் ஒட்டியது போல இருக்கும், இல்லையா? அதைவிட மோசம், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்துபோன தமிழைப் பெயர்ப்பலகைகளில் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அது. சீனம் தெரியாத டாட்டூக்காரர்கள் உலகம் முழுக்க அந்த வேலையைத்தான் சீன எழுத்துக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஏ முதல் இசட் வரை ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சீன எழுத்து என்று ஓர் அட்டவணையைச் சில கடைகளில் இன்னும் சுவரில் மாட்டியிருப்பார்கள். அப்படி ஒரு அகரவரிசை சீனத்தில் கிடையவே கிடையாது. அந்த அட்டவணையைக் கண்டால் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, ஆளைத் தேடுவதற்கு முன்னால் எழுத்து எது என்று முடிவாக வேண்டும். என் பாட்டி எதற்கெடுத்தாலும் "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார். அதைத்தான் சீனத்தில் குத்திக்கொள்ள நினைத்தேன். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டதில் ஒன்பது எழுத்து வந்தது. பின்னால் அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இது சீனமில்லை, சீன எழுத்தில் எழுதிய தமிழ்" என்றார். அதனால் நம் வாக்கியத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். அவர்களிடம் ஏற்கனவே புழங்குகிற ஓர் எழுத்தையோ தொடரையோ எடுங்கள். கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் இடது விலாவில் மேலிருந்து கீழாக 8 சீன எழுத்துகள் இருக்கின்றன. 2008-இல் ஹாங்காங்கில் குத்தியது. வாழ்வும் சாவும் விதிப்படி, செல்வமும் மதிப்பும் வானத்தின் கையில் என்று பொருள். கன்பூசியஸின் உரைத்தொகுப்பில் வருகிற, இன்றைக்கும் எல்லோரும் சொல்கிற தொடர் அது. கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சனின் கழுத்தில் 'ஜோங்', விசுவாசம் என்ற ஒற்றை எழுத்து. இரண்டுமே தப்பிக்க முடிந்ததற்குக் காரணம், சொல் ஏற்கனவே இருந்தது.

எனக்கு 'ரென்' அமைந்தது அப்படித்தான். இதயத்தின் மேல் கத்தி நிற்கிறது, அதையும் தாங்கிக்கொண்டு இருப்பதே பொறுமை என்று சீனர்களே இந்த எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். பாட்டி கேட்டிருந்தால் "அப்படிச் சொல்லு" என்றிருப்பார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 'ட்சான்ரென்', அதாவது கொடூரம் என்ற சொல்லிலும் இதே எழுத்து வருகிறது. நீங்கள் எடுக்கும் எழுத்து வேறு எந்தச் சொற்களில் வருகிறது என்று தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்டபிறகும் பிடித்திருந்தால் உங்கள் இஷ்டம்.

அடுத்த சிக்கல், பழைய வடிவமா எளிய வடிவமா என்பது. மலேசியப் பள்ளிகளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எளிய வடிவம். சீனாவில் 1956-இல் கொண்டுவந்ததை ஒட்டியது. ஆனால் தூரிகை எடுத்தால் பெரும்பாலானவர்கள் பழைய வடிவத்தில்தான் எழுதுவார்கள். ஹாங்காங், தைவானில் அன்றாடமே அதுதான். அன்பு என்ற எழுத்தைப் பாருங்கள். பழைய வடிவத்தின் நடுவில் இதயம் இருக்கும், எளிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இதயமில்லாத அன்பு என்று சீனர்களே கிண்டலடிப்பார்கள். இன்னொரு பக்கம், டிராகன் என்ற 'லோங்' பழைய வடிவத்தில் 16 கோடு, எளிய வடிவத்தில் 5. மணிக்கட்டில் இரண்டு சென்டிமீட்டருக்குள் 16 கோட்டை அடைத்தால் பத்து வருடத்தில் மை பரவி மச்சம் மாதிரி ஆகிவிடும். எளியதைத் தட்டச்சு செய்து கணினியை விட்டுப் பழையதாக மாற்றச் சொல்வது இன்னும் ஆபத்து. முகத்துக்கும் மாவு நூடுல்ஸுக்கும் எளிய வடிவத்தில் ஒரே எழுத்து, பழையதில் இரண்டு. 'பின்பு' என்பதற்கும் 'அரசி' என்பதற்கும் அதே கதை. மாற்றித் தருவது எது என்று யார் கண்டது? 'ரென்' இரண்டிலும் ஒன்றுதான் என்பது என் அதிர்ஷ்டம்.

இனி ஆள் விஷயத்துக்கு வருகிறேன். பலர் செய்கிற தப்பு, தூரிகையிலும் ஊசியிலும் கைதேர்ந்த ஒரே ஆளைத் தேடுவது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. ஹாங்காங்கின் ஜோயி பாங் தூரிகை ஓட்டத்தையே தன் டாட்டூ பாணியாக்கிப் பெயர் வாங்கியவர். ஆனால் அந்த மாதிரி ஆளுக்காகக் காத்திருக்கவும் விமானம் ஏறவும் எல்லோராலும் முடியாது. இரண்டு பேரைத் தேடுங்கள். எழுதுகிறவர் ஒருவர், குத்துகிறவர் ஒருவர்.

எழுதுகிறவரைக் கண்டுபிடிக்கச் சிறந்த காலம் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அஞ்சடிகளில், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதைகளில், மடக்கு மேசை போட்டு, சிவப்புத் தாளில் வாசல் வாழ்த்து எழுதித் தர ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கோலாலம்பூர், சிங்கப்பூரிலும் சீனர் கடைத்தெருக்களில் பார்க்கலாம். பக்கத்தில் நின்று அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தாலே போதும். அச்சு மாதிரி ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறாரா, அல்லது ஒவ்வொரு முறையும் பக்கத்து எழுத்துக்கு ஏற்ப மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். 353-இல் வாங் ஷிஜி என்ற தூரிகை எழுத்து மேதை எழுதிய, இன்றும் கொண்டாடப்படும் லான்டிங் முன்னுரையில் 'ஜி' என்ற சின்ன எழுத்து 20 தடவை வருகிறது. இருபதும் இருபது விதம். தூரிகைக்காரர்கள் எல்லோரும் இன்றைக்கும் வாய்வலிக்கச் சொல்லும் விஷயம் இது. எழுத்துருவால் முடியாததும் இதுதான்.

நான் பிடித்த பெரியவர் முதலில் முடியாது என்றுவிட்டார். பச்சை குத்துவது குண்டர் கும்பல் வேலை என்பது அந்தத் தலைமுறைச் சீனர்களின் எண்ணம். "கை காலில் குத்துவதற்கெல்லாம் நான் எழுதுவதில்லை" என்று ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். வாதாடவில்லை. அலுவலகக் கதவுக்கு ஒரு ஜோடி வாசல் வாழ்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வருடமும் போனேன். மூன்றாவது தடவை, புத்தாண்டெல்லாம் முடிந்து வெறும் மேசையில் அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பாட்டியின் கைப் படத்தைக் காட்டினேன். என் பாட்டியின் முன்கையில் குறத்தி குத்திய பச்சை இருந்தது. புள்ளி வைத்த கோலம், வயதானதில் நீலம் பாரித்துப் போனது. "அங்கிள், எங்கள் வீட்டில் இது பாட்டிமார் வேலை, குண்டர் வேலை இல்லை" என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். அப்புறம், "எந்த எழுத்து?" என்றார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, எந்த நடை என்பது. இதை நீங்களும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். முத்திரைகளில் பார்க்கும் பழைய 'ஜுவான்ஷு', அகன்று படுத்திருக்கும் 'லீஷு', பள்ளியில் எல்லோரும் பழகும் நிமிர்ந்த 'காய்ஷு', நடந்துபோவது போன்ற 'சிங்ஷு', ஓடிப்போவது போன்ற 'ட்சாவ்ஷு' என்று ஐந்து. படங்களில் கவர்ச்சியாக இருப்பது கடைசிதான். ஆனால் அதைச் சாதாரணச் சீனர்களாலேயே படிக்க முடியாது. தப்பாகக் குத்தினால் கண்டுபிடித்துச் சொல்லவும் ஆள் கிடைக்காது. நான் 'சிங்ஷு' எடுத்தேன். தூரிகையின் ஓட்டமும் தெரியும், படிக்கவும் முடியும்.

அவர் 11 தாள் எழுதினார். பத்தைக் கசக்கி எறிந்தார். ஒன்றில் இதயம் மெலிந்துவிட்டது, ஒன்றில் கத்தி இதயத்தை நசுக்குகிறது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. கூலி எவ்வளவு என்று கேட்டால் கோபப்படுவார் என்று தெரியும். சீனர்கள் அன்பளிப்புப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ் உறையில் 88 ரிங்கிட் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். டாட்டூவுக்கு என்பதை மறைத்து எழுத்து வாங்காதீர்கள். அது அவருடைய கைவேலை, எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இப்போது கையில் தாள் இருக்கிறது. குத்துகிறவரைச் சோதிக்க இந்தத் தாள்தான் கருவி.

கடைக்குப் போங்கள், தாளை மேசையில் விரியுங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் தூரிகை எங்கே தொடங்கி எங்கே நின்றது?" நான் நான்கு கடையில் கேட்டேன். இரண்டு பேர், "அப்படியே டிரேஸ் எடுத்துடுவோம், கவலைப்படாதீங்க" என்றார்கள். ஒருவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை, விலையைச் சொன்னார். நான்காவது கடையில் இருந்த பெண் பதில் சொல்லவில்லை. தாளின் மேல் ஒரு விரல் உயரத்தில் கையை வைத்து, காற்றிலேயே எழுதிப் பார்த்தாள். இதயத்தின் அந்த வளைந்த கோட்டில் வந்ததும் விரல் மெதுவானது. அந்தக் கோடு இடமிருந்து இறங்கி, படுத்தபடியே வலது பக்கம் போய், அங்கே ஒரு நொடி நின்று, அழுத்தி, பிறகு உள்பக்கமாக மேலே துள்ளும். நின்ற இடத்தில் மை தேங்கிக் கோடு பருத்திருக்கும், துள்ளிய இடத்தில் ஊசி முனையாக மெலியும். அவள் விரலும் அங்கே நின்றது, அழுத்தியது, துள்ளியது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. இருந்தாலும் 'யோங்' எழுதிக் காட்டச் சொன்னேன். நிரந்தரம் என்று பொருள். எழுத ஐந்தே கோடு, ஆனால் தூரிகையின் எட்டு அடிப்படை அசைவும் அதற்குள் அடங்கிவிடும். தூரிகை பழகுகிற எல்லோரும் இதில்தான் பயிற்சி எடுப்பார்கள். சிரித்துக்கொண்டே பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக் காட்டினாள். சுமார்தான். ஆனால் வரிசை சரி, நிறுத்தம் சரி.

டாட்டூக்காரர் அழகாக எழுத வேண்டும் என்று அவசியமில்லை. தூரிகை எந்தப் பக்கம் போனது என்று தெரிந்தால் போதும். தெரியாதவர் என்ன செய்வார் என்றால், கோட்டின் ஓரத்தைச் சுற்றி வரைந்துவிட்டு உள்ளே கறுப்பை நிரப்புவார். கொக்கி தூண்டில் முள் மாதிரி ஆகும், புள்ளி உளுந்து மாதிரி ஆகும். எழுத்து சரி, எழுதிய கை காணாமல் போயிருக்கும்.

இன்னொரு கண்டம் 'ஃபெய்பாய்', பறக்கும் வெண்மை என்பார்கள். தூரிகையில் மை வறளும்போது கோட்டுக்குள் வெள்ளைக் கீற்றுகள் தெரியுமே, அது. தாளில் அது வெள்ளை. நம் தோலில் வெள்ளைக்கு எங்கே போவது? சும்மா விட்ட தோல்தான் அந்தக் கீற்று. மாநிறத்திலும் கறுப்பிலும் கறுப்பு மைக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு குறைவு. மெல்லிய கீற்றுகள் முதல் நாள் படத்தில் தெரியும், இரண்டு வருடத்தில் மூடிக்கொள்ளும். அதனால் குத்திய அன்று எடுத்த பளபளப்புப் படங்களைக் காட்டினால் மயங்காதீர்கள். ஆறி ஒரு வருடமான படம், அதுவும் நம் நிறத் தோலில் செய்த படம் கேளுங்கள். நான் தேர்ந்தெடுத்த அந்த நான்காவது கடைப் பெண் அப்படி இரண்டே படம் வைத்திருந்தாள், இரண்டையும் காட்டினாள். பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீற்று ஏழில் நான்கை எடுத்துவிட்டு மிச்சத்தை அகலமாக்கலாம் என்றாள். பெரியவரிடம் போய்க் கேட்டேன். யோசித்துவிட்டு, தோல் தாளில்லை, அவள் சொல்வது சரி என்றார். காயம் பட்டால் தழும்பு தடித்து எழும் உடல்வாகு உங்களுக்கு இருந்தால் இத்தனைக்கும் முன்னால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

குத்துகிற நாளில் நடக்கும் சின்னச் சின்ன விபத்துகள் சில. தாளைக் கைப்பேசியில் சாய்வாகப் படமெடுத்து அனுப்பினால் எழுத்து ஒரு பக்கம் கோணும், ஸ்கேன் செய்து கொடுங்கள். ஸ்டென்சிலைப் புரட்டி ஒட்டிவிட்டால் எழுத்து கண்ணாடி பிம்பமாகிவிடும். சீனம் படிக்கத் தெரியாத இருவர் இருக்கும் அறையில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒட்டியதும் படமெடுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள், ஆனால் முன்பக்கக் கேமராவில் எடுக்காதீர்கள், அதுவே சில சமயம் புரட்டிக் காட்டி இல்லாத பயத்தைக் கிளப்பும். கையைத் தொங்கவிட்டு நின்றபடி ஒட்டச் சொல்லுங்கள். மேசையில் கையை நீட்டி ஒட்டியது நிற்கும்போது திருகிக்கொள்ளும். எழுத்தின் தலை முழங்கையைப் பார்க்க வேண்டும், விரலை அல்ல.

எழுதியவரின் சிவப்பு முத்திரையையும் சேர்த்துக் குத்தச் சிலர் ஆசைப்படுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது அவருடைய கையெழுத்து, கேட்காமல் எடுக்கக் கூடாது. மற்ற நிறங்களைவிடச் சிவப்பு மையில்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது. முத்திரைக்குள் இருக்கும் நுண்ணிய எழுத்து சீக்கிரம் கலங்கியும் போகும். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஊசி உறை உங்கள் கண்முன்னால் பிரிக்கப்பட வேண்டும், மையைத் தனிக் குப்பியில் ஊற்ற வேண்டும். இதெல்லாம் எந்த டாட்டூவுக்கும் உள்ளதுதான். திருத்தக் குத்தலுக்குத் தனிக் காசா, சேர்த்தா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். என் எழுத்தில் கொக்கியின் முனை மூன்று மாதத்தில் கொஞ்சம் வெளிறியது, அவள் இலவசமாகவே சரிசெய்தாள். பக்கத்தில் சீனர்களே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தாள் பயணம் செய்யும். எழுத்தைப் பினாங்கிலிருந்தோ தைபேயிலிருந்தோ எழுதி வாங்கிக்கொண்டு, கூடவே எழுதும்போது எடுத்த காணொளியையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் டாட்டூக்காரர் அந்தக் காணொளியை நான்கு தடவை பொறுமையாகப் பார்க்கிறாரா, ஓட்டிவிட்டுப் பார்க்கிறாரா என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

எல்லாம் ஆறிய பிறகு பெரியவரிடம் போய்க் கையை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கொக்கியைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் இதயத்தின் நடுப் புள்ளியைக் காட்டி, "இது தூங்குது" என்றார். எனக்குப் பகீரென்றது. "உன் ஆள் தப்பில்லை. நான் அன்றைக்கு எழுதியதே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கோப்பி கொண்டுவரச் சொன்னார்.